மடக்கிப் பிடிக்கும் வித்தை மட்டும் பயிற்சி ஆகாது

அடிக்க வரும் முதியவர்களைச் சமாளிக்க முதியோர் இல்லப் பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியது மிகவும் சரி. ஆனால் அடிக்க வருபவரின் பிடியிலிருந்து விடுபடுவது, அவரை மடக்கிப் பிடிப்பது பற்றியே கட்டுரை அதிகம் பேசுகிறது. அதெல்லாம் கடைசிக் கட்டம். மறதி நோய் உள்ளவரைக் குளிக்க வைக்கும்போது அவர் கையை ஓங்கினால் பெரும்பாலும் அது பயம், குளிர் அல்லது வலி. நேற்று வரை சாதுவாக இருந்தவர் திடீரென்று கத்தித் தள்ளினால் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, பல்வலியா என்று முதலில் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். பின்னாலிருந்து தொடாமல் எதிரே வந்து பேசுவது, நாலு பேர் சூழ்ந்து அதட்டாமல் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவது, கை எட்டாத தூரத்தில் நிற்பது, "சரிப்பா, அப்புறம் குளிக்கலாம்" என்று விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வருவது, இதெல்லாம் பழகினால்தான் வரும். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தவே கூடாது. மூச்சு நின்றுவிடலாம்.

2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனதை நாம் மறந்துவிட்டோமா? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மனநல நிலையங்களில் தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. முதியோர் இல்லங்களும் இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளட்டும். இரவுப் பணிக்கு ஒரே ஒரு பெண்ணை விட்டுவிட்டு அவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் கொடுப்பது பெரிய அநியாயம். கூப்பிட்டால் ஓடிவர இன்னொரு ஆளும் வேண்டும்.