தடம் 24 கி.மீ., இணைப்பு 40 கி.மீ.: புக்கிட் தீமாவிலிருந்து உபின் வரை தனியாக ஓட்டப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் மலைச் சைக்கிள் தடங்களை ஒரே நாளில் கோத்து ஓட்டப் போகிறேன் என்கிற பலரும் புக்கிட் தீமாவின் கற்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். புக்கிட் தீமா தடம் சுமார் 6 கி.மீ., செஸ்நட் பூங்காத் தடம் 8.2, படகில் போக வேண்டிய உபின் தீவில் இருக்கும் கெத்தாம் தடம் ஏறக்குறைய 10. மூன்றும் சேர்ந்தால் 24. செஸ்நட்டிலிருந்து சாங்கி படகுத்துறை வரைக்கும் மண்டாய், ஈசூன், பொங்கோல், பாசிர் ரிஸ் வழியாகத் தாரும் கான்கிரீட்டுமாக இன்னொரு 40. நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நாற்பதைப் பற்றி யோசிக்காததால்தான். தனியாகப் போகிறவருக்கு ட்யூப் கடன் தரவும் ஆள் இல்லை, படகில் இருக்கை நிரப்பவும் ஆள் இல்லை.

முதலில் வரிசை. விடியற்காலையில் உபின், மதியத்துக்கு மேல் புக்கிட் தீமா என்று போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புக்கிட் தீமாவில் கல்லும் வேரும் செங்குத்தான குட்டி ஏற்றங்களும் மாறி மாறி வருகின்றன. பல இடங்களில் ஓட்டுவது அல்லது இறங்கித் தள்ளுவது, இரண்டே வழி. கெத்தாமில் கடினம் கூடக்கூட நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பலகை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கால் ஓய்ந்துவிட்டால் நீலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தப்பிக்க வழியில்லாத கடினத்தைப் புதுக் காலோடு முடித்துவிட்டு, விருப்பம்போல் குறைத்துக்கொள்ளக்கூடியதைக் கடைசிக்கு வைப்பதே சரி. போதாததற்கு, இங்கே இடிமழை அதிகம் வருவது பிற்பகலில். அந்த நேரத்தில் புக்கிட் தீமாவின் ஈர வேர்களில் மாட்டிக்கொள்வதைவிடப் பொங்கோலில் ஒரு கூரையின் கீழ் நிற்பது எவ்வளவோ மேல்.

கடைசியில் உபினை வைப்பதில் ஆபத்தும் உண்டு, அதனால் ஒரு வெட்டு நேரம் வேண்டும். பிற்பகல் 2.30-க்குள் சாங்கி படகுத்துறையில் இல்லையென்றால் உபினை விட்டுவிடுங்கள். உபினுக்குப் போகும் சிறு மோட்டார் படகான பம்போட்டுக்குக் கால அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். தனி ஆள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, சில்லறை வெள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு திரும்பப் படகு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. மின்னலோடு மழை பிடித்தாலும் படகு தாமதமாகும். மாலை 5.30-க்கு உபின் படகுத்துறையில் இருப்பது போல் பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் நிம்மதி.

அப்படியானால் புக்கிட் தீமாவில் காலை 7 மணிக்கு, திறக்கும்போதே நுழைந்துவிட வேண்டும். உச்சிக்குப் போகும் சாலையிலும் நடைபாதைகளிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, சைக்கிள் தடத்தைவிட்டு விலகாதீர்கள். நடைபாதை குறுக்கிடும் இடங்களில் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுங்கள். மெக்ரிட்சி பக்கக் காட்டுப் பாதைகளைக் குறுக்குவழியாக நினைக்கவே வேண்டாம். அங்கே சைக்கிள் தடை, பிடிபட்டால் அபராதம்.

டெய்ரி ஃபார்ம், செங்ஹுவா வழியாகச் செஸ்நட்டுக்கு வரலாம். 81 ஹெக்டர் பூங்கா, 2017-இல் முழுமையாகத் திறந்தது. பலகையில் குறித்திருக்கும் திசையில் மட்டும் ஓட்டுங்கள், எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் வளைவுகளில் இறங்குகிறார்கள். மிதிக்காமலே மேடு பள்ளங்களில் ஓட்டும் பம்ப் ட்ராக் ஆசை காட்டும். இந்த நாளில் அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இனி காற்றழுத்தம். அதிகம் சண்டை நடக்கும் விஷயம் இதுதான். 29 அங்குலச் சக்கரம், 2.3 அங்குல டயர், ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாதது), ஆள் எடை 70 கிலோ சுமார் என்றால் தடத்தில் முன் டயருக்கு 22, பின் டயருக்கு 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) நன்றாகப் பிடிக்கும். அதே அழுத்தத்தில் 40 கி.மீ. கான்கிரீட் ஓட்டினால் தொடைதான் விலை கொடுக்கும். இறக்குவது சில நொடி வேலை, சிறு பம்பால் ஏற்றுவதோ வெயிலில் கை ஓயும் வேலை. ஆகவே காலையில் முன் டயரில் 23, பின் டயரில் 26 வைத்து முதல் இரண்டு தடங்களையும் முடியுங்கள். செஸ்நட் கார் நிறுத்துமிடத்தில் பின் டயரை மட்டும் 30-க்கு ஏற்றுங்கள், உடல் எடையில் பெரும்பகுதி அங்கேதான். முன் டயரைத் தொடவே வேண்டாம். உபின் இறங்கியதும் பின்னால் 26-க்கு இறக்குங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது சரிவராது, 2 பிஎஸ்ஐ வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. சிறிய டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள்.

புக்கிட் தீமா, உபின் இரண்டும் கருங்கல் பூமி, பழைய கல் குவாரிகளே சாட்சி. உடைந்த கருங்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி. முள் குத்திய துளையை டயருக்குள் ஊற்றும் சீலண்ட் திரவம் அடைத்துவிடும், டயரின் பக்கவாட்டில் விழும் கிழிசலை அடைக்காது. எனவே துளையில் செருகும் புழு மாதிரியான ரப்பர் பிளக்குகள், உள்ளே ஒட்டுப்போட ஒரு துண்டு பழைய டயர், ஒரு ட்யூப் மூன்றும் அவசியம். சீலண்ட் ஒரு சக்கரத்துக்கு 90 முதல் 120 மி.லி. இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், நனையாமல் வந்தால் ஊற்றுங்கள். காற்றுக்குப் பதில் அடிக்கும் 16 கிராம் சிஓ2 வாயுக் குப்பி இவ்வளவு பெரிய டயரை 25 பிஎஸ்ஐ பக்கம்தான் கொண்டுபோகும், அதுவும் ஒரே முறை. பம்புக்கு அது மாற்று ஆகாது.

கருவிப்பையில் பலர் மறப்பது டெரெய்லர் ஹேங்கர், அதாவது கியர் மாற்றும் டெரெய்லரை ஃப்ரேமில் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு. கல்லில் சரிந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வடிவம் வேறு என்பதால் வழியில் இருக்கும் கடையில் கிடைக்காது. வளைந்த ஹேங்கரோடு பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கும், அதோடு ஓட்டம் முடிந்தது. இருபது முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும் உதிரி, ஒன்று வாங்கி வையுங்கள். உங்கள் செயினுக்கு ஏற்ற இணைப்புக் கண்ணி இரண்டு, செயின் வெட்டி, 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி, டி25 நட்சத்திரச் சாவி, பிளாஸ்டிக் கட்டு நாலைந்து, ஒரு ஜோடி பிரேக் பேட். மழையில் கருங்கல் துகளும் செம்மண்ணும் கலந்த சேறு ரெசின் பேடுகளை அரைத்துத் தின்றுவிடும். மழை மாதங்களில் உலோகப் பேடுதான் தாங்கும், கொஞ்சம் கத்தும், போகட்டும்.

சீட்டை இறக்கும் ட்ராப்பர் இல்லாதவர்கள் சீட் போஸ்ட்டில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டிக் குறியுங்கள்: ஒன்று சாலை உயரம், இன்னொன்று நாலைந்து செ.மீ. கீழே, தடத்துக்கு. சாலை உயரத்திலேயே கல் இறக்கத்தில் இறங்குபவர்கள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பதில் வியப்பில்லை. சஸ்பென்ஷன் பூட்டு இருந்தால் இணைப்புப் பாதையில் பூட்டுங்கள், தடத்தில் நுழையும் முன் திறக்க மறக்காதீர்கள்.

இணைப்பு வழி பற்றிச் சுருக்கமாக. மண்டாய் பகுதிதான் கவனம் வேண்டிய இடம், விலங்கியல் தோட்டத்துக்குப் போகும் பேருந்துகள் அதிகம். சாலையில் இறங்கினால் ஹெல்மெட் கட்டாயம். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டி ரோவர்ஸ் பே வந்துவிட்டால் தீவைச் சுற்றும் பாதையின் கிழக்குப் பகுதி உங்களைப் பொங்கோல், லோரோங் ஹாலுஸ் பாலம், பாசிர் ரிஸ் வழியாகக் கொண்டுபோய் விடும். சைக்கிள் பாதையில் 25, நடைபாதையில் 10 கி.மீ. வேகம்தான் வரம்பு. மணிக்கு 17, 18 சராசரி என்று திட்டமிடுங்கள், சந்திப்பு விளக்குகளும் நாய்களோடு நடப்பவர்களும் அதற்கு மேல் விடமாட்டார்கள். நெருக்கடியான இடத்தில் மணி அடித்து விரட்டுவதைவிட இறங்கித் தள்ளுவது மரியாதை, அதிகபட்சம் இரண்டு நிமிடம் போகும்.

தண்ணீர்: முதுகுப்பையில் 2 லிட்டர், சைக்கிளில் 750 மி.லி. இந்தப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் நாலாவது மணியில் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்று வரிசையாக வரும். லிட்டருக்கு 500 முதல் 700 மி.கி. சோடியம் இருக்கட்டும், கால் தேக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதலான உப்பும் எலுமிச்சையும் போதும். ஈசூனில் ஒரு உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சோறாகவே சாப்பிடுங்கள், சக்தி தரும் ஜெல் பாக்கெட்டுகளை நம்பி எட்டு மணி நேரம் ஓட்ட முடியாது. சாங்கி விலேஜ் நாசி லெமாக்கைத் திரும்பி வந்து சாப்பிடலாம், தேங்காய்ப்பால் வயிற்றோடு கெத்தாம் ஏறுவது கொடுமை. உபினில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கிராமத்துக் கடைகளில் புட்டி நீரும் இளநீரும் கிடைக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். புக்கிட் தீமாவில் குரங்கு, உபினில் காட்டுப்பன்றி, இரண்டுக்குமே அந்தச் சத்தம் சாப்பாட்டு மணி.

தனியாகப் போகிறவர்கள் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தைப் பகிருங்கள், எத்தனை மணிக்குச் செய்தி வராவிட்டால் அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். அவசர மருத்துவ ஊர்தி 995. உபினுக்கு எதிரே ஜொகூர் என்பதால் கைப்பேசி தானாக மலேசிய அலைவரிசைக்குத் தாவும். ரோமிங் கட்டணம் ஒரு பக்கம், இருப்பிடப் பகிர்வு நின்றுபோவது இன்னொரு பக்கம். படகில் ஏறும் முன்பே அமைப்பில் போய் உங்கள் நிறுவனத்தின் அலைவரிசையைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். இரட்டைக் கறுப்பு வைரத்தைத் தனியாக, அதுவும் 60 கி.மீ. ஓட்டிய காலோடு முயல்வது வீரமில்லை.

முந்தைய இரவு மழை பெய்திருந்தால் தள்ளிப்போடுங்கள். கல் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், மரநிழலில் கிடக்கும் வேரும் களிமண்ணும் காய ஒரு நாளாவது ஆகும். ஈரத் தடத்தில் ஓடும் டயர் வெட்டிவிட்டுப் போகும் சாலில்தான் அடுத்த மழை ஓடி மண்ணைக் கரைக்கும். வேர்மேல் போக நேர்ந்தால் குறுக்காக, சக்கரம் நேராக, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும்.

வீடு திரும்புவதை முன்பே தீர்மானியுங்கள். எம்ஆர்டி ரயிலில் மடித்தால் 120 x 70 x 40 செ.மீ.க்குள் அடங்கும் மடக்குச் சைக்கிளுக்குத்தான் இடம், சக்கரம் கழற்றிய மலைச் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஆறு இருக்கை வண்டியைப் பதிவு செய்துவிட்டு, அது வருவதற்குள் செயினிலும் போல்ட்டுகளிலும் ஒட்டிய உப்புநீரைத் துணியால் துடையுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். வண்டிக்குள் எதுவாவது பிரேக் பிடியில் இடித்தால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது.