கிளைக்கு அதிகாரம் கொடுங்கள், ஆள் தானாக வரும்

தென்னாப்பிரிக்காவில் நம் தமிழ்ச் சங்கம் ஒவ்வொன்றின் ஆண்டுப் பொதுக்குழுவிலும் இதே புலம்பல்தான்: கிளைகள் படுத்துவிட்டன, இளைஞர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஆடி மாதம் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். விடிவதற்கு முன்பே விறகு அடுக்கவும் பாத்திரம் கழுவவும் வரிசையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்கள் கையில் வேலையைக் கொடுக்கத்தான் நம் சங்கங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்கள் கிளையின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உதவ ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். நன்றாகப் பாடுவாள், சின்னப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுவாள். "உட்காரும்மா, அப்புறம் சொல்கிறோம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை, அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். அதே பெண்ணைக் கோயிலில் பார்த்தேன். ஒரு ஆயா அவள் கையில் பெரிய கரண்டியைக் கொடுத்து, "இந்த அண்டா உன் பொறுப்பு, அடிப்பிடிச்சா உன்னைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். கூழ் தீரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தொண்டர் பயிற்சி என்று தனியாக மேடை போடுவதைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் செய்துவிட்டது.

கிளை விஷயமும் இதேதான். வகுப்புக்கு ஒரு வெள்ளைப்பலகை வாங்கக்கூட தலைமைக் குழுவிலிருந்து இரண்டு கையெழுத்து வர வேண்டும் என்று காத்திருந்தோம். உறுப்பினர் பட்டியலும் தலைமையிடம்தான். யார் சந்தா கட்டினார், யார் விட்டுவிட்டார் என்று தெரியாமல் கிளைச் செயலாளர் யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவார்? கேட்டால் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். கிளையும் அதே சங்கம்தானே, சேரும்போதே படிவத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் போதும்.

1894-இல் டர்பனில், அந்தப் பகுதியான நேட்டாலின் இந்தியர்களுக்கான அமைப்பாக நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோதும் சந்தாதான் பெரிய தலைவலி. மாதச் சந்தா சரியாக வராததால் அதை ஆண்டுக்கு மூன்று பவுன் (பிரிட்டிஷ் பணம்) என்று மாற்றினார்கள். செயலாளராக இருந்த காந்தி டர்பனில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை, ஊர் ஊராகப் போனார். டொங்காட்டில் விருந்து கொடுத்தவர் மூன்று பவுனுக்கு மேல் தர மறுக்க, ஆறு பவுன் தந்தால்தான் சாப்பிடுவோம் என்று காந்தியும் கூட வந்தவர்களும் இரவு முழுவதும் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்கள். விடியும்போது அவர் இறங்கி வந்தார். இன்று பிடிவாதம் பிடிக்கச் சொல்லவில்லை. தலைமை கிளையைத் தேடிப் போக வேண்டும் என்கிறேன், அதுவும் பொன்னாடையும் மேடையும் இல்லாத ஒரு சாதாரண மாதக் கூட்டத்துக்கு.

பணத்துக்கும் வழி நம் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. நேட்டாலில் நம் முன்னோர் பள்ளிக்கூடங்களைக் கட்டியது எப்படி? ஊர்க்காரர்கள் பவுன் பவுனாகச் சேர்த்தார்கள், அதற்கு ஈடாக அரசு மானியம் கொடுத்தது. அதையே சங்கத்துக்குள் செய்யலாம். கிளை தன் ஊரில் ஆயிரம் ரேண்ட் திரட்டினால் தலைமை இன்னொரு ஆயிரம் போடட்டும், செலவைக் கிளைக் குழுவே முடிவு செய்யட்டும்.

கணக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கத்தான் வேண்டும். பதிவு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பு நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், தவறினால் பதிவே போகலாம். ஒரு கிளையின் ரசீதுகள் வரவில்லை என்றால் மொத்தச் சங்கத்துக்கும் சிக்கல். அதற்காகக் கிளையின் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற கணக்காளர்கள் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் இல்லாமலா போய்விட்டார்கள்? எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி கணக்குப் படிவம் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட உட்கார்ந்து சரிபார்க்க ஒருவரைக் கேளுங்கள். இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

கிளைக்கு உறுப்பினர் பட்டியல், கிளை திரட்டும் பணத்துக்கு ஈடாகத் தலைமை போடும் தொகை, சிறு செலவுக்குக் கிளையே கையெழுத்திடும் உரிமை. இந்த மூன்றையும் வரும் பொதுக்குழுவில் நான் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். வழிமொழிய வேறு கிளையிலிருந்து ஒருவர் வேண்டும். ஸ்டாங்கர், இசிபிங்கோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க், எந்த ஊராக இருந்தாலும் சரி, உள்பெட்டியில் எழுதுங்கள்.