நிக்நேமை மாத்தச் சொல்றவங்களுக்கு

நேத்து ஒரு கேமிங் குரூப்ல ஒருத்தர் "இந்த வயசுலயும் எதுக்கு நிக்நேம், எல்லாரும் ஒழுங்கா நிஜப்பேருக்கு மாறுங்கப்பா"ன்னு எழுதியிருந்தார். கீழ அம்பது பேர் ஆமா ஆமான்னு தலையாட்டியிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

என் நிக் தமில்ஸே. ஆன்லைன்ல பாக்குறவங்க எல்லாம் இது ஃப்ரெஞ்சான்னு கேப்பாங்க. என் பேர் தமிழ்ச்செல்வி, இங்கிலீஷ்ல பத்து எழுத்து, ஆனா கையில வெச்சு ஆடுற கேம் பாய்ல வந்த போக்கிமான் ரெட்ங்கிற கேம்ல, ஆடுறவங்க பேருக்கு ஏழு எழுத்துதான் இடம். ஒவ்வொரு எழுத்தா தேடி அமுக்கிட்டு வந்தேன், ஏழாவதோட நின்னுடுச்சு, மிச்ச மூணுக்கு எடமில்ல. அன்னிக்கு வெட்டுப்பட்ட பேர்தான் இன்னிக்கு வரைக்கும் என்கூட இருக்கு. ஒரே ஒருத்தர் மட்டும், முன்னப்பின்ன தெரியாதவர், "இது ஏழு எழுத்துல கட்டான பேர்தானே"ன்னு கேட்டார். அவரோட நிக்கும் அப்படி வந்ததுதானாம். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டிருந்தோம்.

அந்தக் கால கேம்ல பேருன்னாலே இடப்பஞ்சம்தான். ஹைஸ்கோர் எடுத்தா மூணு எழுத்து போடுற பழக்கம் 1979லயே, காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல, ஸ்டார் ஃபயர்ங்கிற கேம்ல வந்துடுச்சு, அதே வருஷம் வந்த ஆஸ்டராய்ட்ஸ்லயும் மூணு எழுத்துதான். மூணே எழுத்துல நீங்க யாருன்னு சொல்லணும், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆளாளுக்கு இனிஷியல், வீட்ல கூப்பிடுற பேர், பிடிச்சவங்க பேரோட முதல் எழுத்துன்னு எதையாவது அதுக்குள்ள சுருக்கி வெச்சாங்க. இடம் இல்லாததாலதான் அதுல இவ்ளோ அர்த்தம் ஏறிச்சுன்னு நான் நினைக்கிறேன்.

பேய்ங்ககிட்ட மாட்டாம ஓடுற ஆர்கேட் கேம் பேக்மேன், 1980ல வந்த அதோட இங்கிலீஷ் வெர்ஷன்ல, காசு போடுறதுக்கு முன்னாடி ஓடுற ஸ்கிரீன்லயே நாலு பேய்க்கும் கேரக்டர் ஒரு பக்கம், நிக்நேம் ஒரு பக்கம்னு போட்டிருப்பாங்க. சிவப்புக்கு கேரக்டர் ஷேடோ, நிக்நேம் பிளிங்கி. பேருக்கேத்த மாதிரி நிழலாட்டம் பின்னாடியே வரும். ஜப்பான்ல அதுக்கு வெச்ச பேருக்கே விரட்டுறதுன்னுதான் அர்த்தம், பிங்க் பேய்க்கு மறைஞ்சிருந்து மடக்குறதுன்னு அர்த்தம், அது நிஜமாவே நீங்க போற வழிக்கு முன்னாடி வந்து நிக்கும். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் என்னால வெறுமனே பேய்னு ஆட முடியல, அந்தப் பேர்தான் கண்ணு முன்னாடி நிக்குது.

இப்ப என் கதைக்கு வரேன். போக்கிமான் கேமோட ப்ளூ வெர்ஷன் அண்ணன்கிட்ட, ரெட் என்கிட்ட. போக்கிமான்னா கேம்ல பிடிச்சு வளக்குற கற்பனைப் பிராணிங்க, அதுல வல்பிக்ஸ்ங்கிறதை ரெட்ல பிடிக்கவே முடியாது, ப்ளூல மட்டும்தான் வரும். அவன் ஒண்ணைப் பிடிச்சு, குட்டின்னு நிக்நேம் வெச்சு, ரெண்டு கேம் பாயையும் இணைக்கிற லிங்க் கேபிள் மாட்டி எனக்குக் குடுத்தான். என்னை அவன் கூப்பிடுறதே குட்டின்னுதான். ஒருநாள் ஏதோ சண்டை, கோவத்துல அந்தப் பேரை மாத்தியே தீரணும்னு கேம்ல பேர் மாத்துற தாத்தாகிட்ட போனேன். அவர் அருமையான பேர்னு சொல்லி அனுப்பிட்டார், ஏன்னா இன்னொருத்தர் பிடிச்சுக் குடுத்த போக்கிமானோட நிக்நேமை வாங்கினவங்க மாத்த முடியாது. அந்த விதியை யோசிச்சு வெச்சவங்களுக்கு நான் கோயில் கட்டுவேன், அவ்ளோ சரியான விதி அது. பேர் வெச்சவங்களுக்குத்தான் அது சொந்தம்.

அந்த கேம் இருக்குற கார்ட்ரிட்ஜ்ல, சேவ் பண்ணினது எல்லாம் உள்ள இருக்குற காசு சைஸ் பேட்டரியை நம்பித்தான் இருக்கும். சில வருஷம் முன்னாடி ஆசையா எடுத்துப் போட்டேன், நியூ கேம்னு மட்டும்தான் வந்துச்சு. கன்டினியூவே இல்ல. தமில்ஸே போச்சு, குட்டியும் போச்சு. அழுதேன், சொல்றதுக்கு என்ன.

அதனாலதாங்க கேக்குறேன், மாத்துங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அது எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. ரெண்டே நிமிஷம். உங்க நிக்கோட கதையைக் கீழ கமெண்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிப்பேன். அண்ணனுக்கு இதெல்லாம் மறந்திருக்கும்னு நெனச்சிருந்தேன். போன மாசம் புதுசா ஒரு கேம்ல ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தான், ஐடி என்னன்னு பாத்தா வல்பிக்ஸ்.