பென்ஷனைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு எதிராக யார் சாட்சி சொல்வார்கள்?

ஒரு கொலை நடந்த ஊரில் போலீஸ் வீடு வீடாகப் போய் விசாரித்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால், ஊரே கோழை என்று சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் ஊரே உடந்தை என்கிறோம். இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று விளக்க, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த யாப்லான்ஸ்கி குடும்பக் கொலையை எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், இருக்கப் போகிறவர்கள் எல்லோரும் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளார்க்ஸ்வில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். 1970 ஜனவரி 5ஆம் தேதி, ஊருக்கு வெளியே இருந்த பழைய கல் வீட்டுக்கு கென்னத் யாப்லான்ஸ்கி தன் பெற்றோரைப் பார்க்கப் போனார். பல நாளாக யாரும் போனை எடுக்கவில்லை. உள்ளே அப்பா ஜோசப், அம்மா மார்கரெட், 25 வயதுத் தங்கை சார்லட் மூவரும் சுடப்பட்டுக் கிடந்தார்கள். டிசம்பர் 31 அதிகாலையில், தூங்கிக்கொண்டிருந்தபோது கொன்றிருக்கிறார்கள். போன் கம்பியை முன்கூட்டியே அறுத்துவிட்டார்கள். வருஷப் பிறப்பு வந்து போய், அதற்குப் பிறகும் சில நாள் அந்த வீடு அப்படியே கிடந்திருக்கிறது.

ஜோசப் யாப்லான்ஸ்கியை ஊரில் 'ஜாக்' என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். சுரங்க விபத்தில் இறந்தவர். ஜாக் படிப்படியாகச் சங்கத்தில் மேலே வந்து, ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மத்திய நிர்வாகக் குழுவில் பல வருஷம் இருந்தார். அதாவது சங்கத்தின் உள்ளே என்னென்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரிந்த ஆள். தெரிந்தும் ரொம்ப நாள் தலைமைக்கு ஒத்துப்போனவர்தான். அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1968 நவம்பர் 20 அன்று மேற்கு வர்ஜீனியாவில் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்தபோது, சங்கத் தலைவர் டோனி பாயில் அங்கே போய், அழுதுகொண்டு நின்ற குடும்பங்களுக்கு முன்னாலேயே கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பாராட்டிப் பேசினார். சங்கத் தலைவர் பேசுகிற பேச்சா அது!

அடுத்த சில மாதத்தில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40,000 தொழிலாளர்கள் சங்கத் தலைமையைக் கேட்காமலேயே வேலையை நிறுத்தினார்கள். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறிச் சாகிறவர்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்பது கோரிக்கை. மாநில அரசைச் சட்டம் போட வைத்த பிறகுதான் திரும்பவும் குழிக்குள் இறங்கினார்கள். அந்தக் கொதிப்பின் நடுவில், 1969 மே மாதம், பாயிலை எதிர்த்துத் தலைவர் தேர்தலில் நிற்பதாக யாப்லான்ஸ்கி அறிவித்தார்.

ஜூன் மாதக் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கூட்டத்தில் அவரைப் பின்னாலிருந்து கழுத்தில் அடித்து மயங்கி விழ வைத்தார்கள். அவருடைய வக்கீல் ஜோசப் ராவ், மத்திய தொழிலாளர் துறைக்கு மனு மேல் மனு போட்டார். மிரட்டுகிறார்கள், சங்கப் பணத்தைத் தேர்தலுக்கு இறைக்கிறார்கள், உடனே வந்து விசாரியுங்கள் என்று கேட்டார். தேர்தல் முடியட்டும், முதலில் சங்கத்துக்குள்ளேயே முறையிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் துறையின் நிலை. அப்போது தொழிலாளர் துறைச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். டிசம்பர் 9ஆம் தேதி தேர்தல் நடந்தது. பாயில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். தேர்தலில் மோசடி என்று யாப்லான்ஸ்கி சட்டப்படி போராட ஆரம்பித்தார். அந்த மாதம் முடிவதற்குள் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

உடல்கள் கிடைத்த பிறகு அதே தொழிலாளர் துறை தேர்தலை விசாரிக்க இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்களை அனுப்பியது. உயிரோடு இருந்த மனிதர் கேட்டபோது ஓர் ஆளைக்கூட அனுப்ப முடியாத துறை அது. இதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கொலை மாநிலப் போலீஸின் வழக்கு. ஆனால் சங்க உறுப்பினரின் உரிமையை வன்முறையால் தடுப்பது 1959ஆம் வருஷச் சட்டப்படி மத்தியக் குற்றம் என்பதால் எஃப்.பி.ஐ.யும் இறங்கியது. யாப்லான்ஸ்கியின் மகன்கள் சங்கத்தைத்தான் சுட்டிக் காட்டினார்கள். சங்கமோ கொலைகாரர்களைப் பிடித்துக் கொடுத்தால் 50,000 டாலர் பரிசு என்று அறிவித்தது.

சுட்டவர்கள் மூன்று வாரத்துக்குள் பிடிபட்டார்கள். அதற்கு வழி காட்டியவர்களில் முதல் ஆள் செத்துப்போன யாப்லான்ஸ்கியேதான். டிசம்பர் மாதம் ஒருநாள், சுரங்கத்தில் வேலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. அவர்கள் வந்த ஒஹையோ மாநிலக் காரின் நம்பரை ஒரு தாளில் குறித்து வைத்தார். அந்த நம்பர் போலீஸை கிளீவ்லாந்து நகரத்துக்குக் கொண்டுபோனது. கூலிக்குச் சுட்ட மூன்று பேர் அங்கே கிடைத்தார்கள். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, தன் சாவுக்குத் தானே சாட்சி எழுதி வைத்த மனிதர் அவர். அரசாங்கம் செய்யாத வேலையை அவர் ஒரு பேனாவால் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

சுட்டவர்கள் கிடைத்துவிட்டார்கள். சுடச் சொன்னது யார், பணம் எங்கிருந்து வந்தது? விசாரணை இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களின் வாயைச் சார்ந்து நின்றது. நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

கொலையாளிகளில் ஒருவனுடைய மாமனார் சைலஸ் ஹடில்ஸ்டன், டென்னஸி மாநிலத்தில் லஃபாலெட் என்ற ஊரில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, உள்ளூர்ச் சங்கக் கிளைத் தலைவர். அந்தப் பகுதி சங்கத்தின் 19ஆவது மாவட்டம். கென்டக்கியின் தென்கிழக்கும் டென்னஸியும் சேர்ந்த மலைப்பகுதி. மாவட்டச் செயலாளர்-பொருளாளர் ஆல்பர்ட் பாஸ், களப்பணியாளர் வில்லியம் பிரேட்டர். கொலைக்கு ஒதுக்கிய 20,000 டாலர் சங்கத்தின் கணக்கிலிருந்துதான் வந்தது. அதை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'ஆராய்ச்சி மற்றும் தகவல் குழு' என்று ஒன்றைக் காகிதத்தில் உருவாக்கி, அதில் 23 ஓய்வுபெற்ற தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். அவர்கள் பெயரில் செக் போட்டார்கள். பெரியவர்கள் பேங்கில் அதை மாற்றி, பணத்தை அப்படியே சங்கக்காரர்கள் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். எதற்குப் பணம் என்று அந்த முதியவர்களுக்குச் சொல்லவில்லை.

எஃப்.பி.ஐ. ஆட்கள் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டபோது எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நாங்கள் சங்கத்துக்கு ஆள் சேர்க்கும் வேலை செய்தோம், அதற்குக் கூலி வாங்கினோம், பணம் எங்களோடது. என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெரியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் குழிக்குள் கிடந்தவர்கள். நுரையீரலில் தூசி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மாதம் வருகிற பென்ஷன் அப்போது 150 டாலர். அதுவே 1969 ஜூன் மாதம், தேர்தல் நெருங்கும்போது, பாயில் 115இலிருந்து உயர்த்திக் கொடுத்தது. ஓய்வுபெற்றவர்களுக்கும் ஓட்டு உண்டு அல்லவா. பென்ஷனும் ஆஸ்பத்திரிச் செலவும் அரசாங்கப் பணம் கிடையாது. வெட்டி எடுக்கிற ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கம்பெனிகள் 40 சென்ட் கட்டுகிற நல நிதியிலிருந்து வருவது. அந்த நிதியில் சங்கத் தலைமையின் கைதான் ஓங்கியிருந்தது. இன்னொன்றும் அந்த மலைப்பகுதி ஆட்களுக்கு நேரில் தெரியும். 1960களின் தொடக்கத்தில், கம்பெனி பணம் கட்டவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, கிழக்குக் கென்டக்கியில் எத்தனையோ தொழிலாளர்களின் மருத்துவ அட்டையைப் பறித்துவிட்டார்கள். தப்பு கம்பெனியுடையது, அட்டை போனது தொழிலாளிக்கு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள்.

கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நின்று அடையாள அட்டையைக் காட்டுகிறார். கேள்வி கேட்டுவிட்டு அவர் சாயங்காலம் போய்விடுவார். பிரேட்டர் இங்கேயேதான் இருப்பார். அடுத்த மாதச் செக் வருமா, வராதா? பதில் சொல்வதற்கு முன் அந்த வயதான மனிதர் மனதில் இந்தக் கேள்விதான் ஓடியிருக்கும். எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. வருஷா வருஷம் வாழ்நாள் சான்று கொடுக்க பேங்கில் கால் கடுக்க நிற்கிற பெரியவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கவுன்டரில் இருக்கிறவர் நியாயமானவர்தான், சட்டமும் அவர்கள் பக்கம்தான். இருந்தும் அந்த முத்திரை விழுகிற வரைக்கும் முகத்தில் ஒரு பயம் நிற்கும். பென்ஷனைக் கொடுக்கிற கையே கொலைக்கும் காசு கொடுத்திருக்கும் ஊரில் அந்தப் பயம் எத்தனை மடங்கு இருந்திருக்கும்!

அதனால் அந்த 23 பேரை என்னால் திட்ட முடியவில்லை. அவர்கள் சொன்னது பொய். அந்தப் பொய் கொலைகாரர்களைக் காப்பாற்றியது. இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பொய்க்கான குற்றம் முழுக்க, அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் தலையில்தான் விழ வேண்டும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உன்னை நம்பியிருக்கிற முதியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று கொலைக்கு மறைப்பாக நிற்கவைப்பது கொலைக்குச் சற்றும் குறையாத கொடுமை.

இந்தச் சுவரை உடைத்தவர் அரசுத் தரப்பின் சிறப்பு வக்கீல் ரிச்சர்ட் ஸ்ப்ரேக். கீழ்ப்படியில் தொடங்கினார். துப்பாக்கி பிடித்தவனை முதலில் தண்டனைக்குக் கொண்டுவந்து, அவனுக்கு மேலே இருந்தவனை நெருக்கி, அவனிடம் அடுத்த பெயரை வாங்கினார். ஹடில்ஸ்டனின் மகள் 1972இல் உண்மையைச் சொன்னார். பிறகு ஹடில்ஸ்டனே வாய் திறந்தார். அதற்கப்புறம்தான் பிரேட்டர், பாஸ், கடைசியில் பாயில். அந்த முதியவர்களில் சிலர் கோர்ட்டுக்கு வந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னார்கள். முதலில் பொய் சொன்னவர்களே பிறகு உண்மையும் சொன்னார்கள். இடையில் அவர்கள் குணம் மாறிவிடவில்லை. மாறியது சங்கத்தின் அதிகாரம். 1972 மே மாதம் நீதிமன்றம் 1969 தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. டிசம்பரில் மறுதேர்தல் நடந்து, தூசி நோயால் பாதிக்கப்பட்ட சாதாரணத் தொழிலாளி ஆர்னால்ட் மில்லர் பாயிலைத் தோற்கடித்தார். கணக்கு நோட்டு பாயில் ஆட்களின் கையை விட்டுப் போன பிறகு பேசுவது கொஞ்சம் சுலபமாகிவிட்டது.

இந்த வழக்கைச் சொன்னால் உடனே, "பார்த்தீங்களா, யூனியன்னாலே ரவுடித்தனம்தான்" என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. உடல்கள் கிடைத்த செய்தி வந்ததும் மேற்கு வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்களே, அவர்கள் யார்? யாப்லான்ஸ்கியின் ஆட்கள் 1970இலேயே 'ஜனநாயகத்துக்கான சுரங்கத் தொழிலாளர்கள்' என்ற அமைப்பைக் கட்டி, உயிருக்கு ஆபத்து இருந்தும் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டார்களே, அவர்கள் யார்? எல்லோரும் சங்க உறுப்பினர்கள்தான். அவர்கள் ஜெயித்த பிறகுதான் கம்பெனிகளோடு போடுகிற ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஏற்கவும் நிராகரிக்கவும் உரிமை வந்தது. கெட்டுப்போன சங்கத்தைத் தொழிலாளர்களே திருத்தினார்கள். முதலாளிகள் வந்து திருத்தவில்லை.

நாம் செய்ய வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. சங்கத்தின் கணக்கு உறுப்பினர் யார் கேட்டாலும் திறந்து காட்டப்பட வேண்டும். நல நிதி, பென்ஷன், மருத்துவ அட்டை எதுவும் தேர்தலில் நிற்கிற ஆளின் கைக்கு எட்டக் கூடாது. மிரட்டல் இருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், தேர்தல் முடியட்டும் என்று எந்த அதிகாரியும் சொல்லக் கூடாது. போலீஸ் சாட்சியைத் தேடி ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போகிறபோது, கேள்வி கேட்பதற்கு முன்னால் அவருடைய வேலைக்கும் பென்ஷனுக்கும் பாதுகாப்பு என்ன என்பதைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதைச் சொல்ல முடியாத போலீஸுக்கு, "ஊர்க்காரர்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுத உரிமை இல்லை.

பாயில் 1974இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 1978இல் மறுபடியும் அதே தீர்ப்பு வந்தது. 1985இல் கைதியாகவே இறந்தார். சங்கத்தை விசாரிக்கச் சொல்லி வந்த மனுக்களை ஒத்திப்போட்ட துறையின் தலைவர் ஷுல்ட்ஸ், பிறகு நிதித்துறைச் செயலரானார், அதற்கும் பிறகு வெளியுறவுத் துறைச் செயலரானார். கிளார்க்ஸ்வில் கொலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாயிலோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த மனுக்களையும் சேர்த்தே பேசுவேன்.