21 நாளில் சோம்பல் போய்விடுமா?

"தொடர்ந்து 21 நாள் நடந்தால் உடற்பயிற்சி தானாகவே பழக்கமாகிவிடும்; நடுவில் ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்" என்றொரு செய்தி சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இதன் இரு பாதிகளும் தவறு.

அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. நடைப்பயிற்சியைப் பற்றிய கணக்கே அன்று அது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் படிய, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிடப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சி படியக் கூடுதல் காலம் பிடித்தது. 22-ஆம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பவர், ஆகவே, தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் படிவது பெரிதாகத் தடைபடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஐப்பசி மழையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போக முடியாமல், நனைந்த ஷூ வாசலில் கவிழ்ந்து கிடக்கும் காலையில் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க அவசியமில்லை. மறுநாள் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினால் போதும்.