காறுதா என்று கேட்கும் அம்மா

கதை எழுதும் தம்பி ஒருவர் போன வாரம் தன் சிறுகதையை அனுப்பிக் கருத்து கேட்டார். பல வருடம் கழித்து ஊருக்கு வரும் மகன், அம்மா வைத்த குழம்பைச் சாப்பிடுகிறான். கதையின் உயிரே அந்த இடம்தான். அங்கே 'அமிர்தமாக இருந்தது, நாவில் எச்சில் ஊறியது' என்று எழுதியிருந்தார். என்ன குழம்பு தம்பி என்று கேட்டேன். "கருணைக்கிழங்குப் புளிக்குழம்பு அக்கா" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. கருணைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அமிர்தத்தைத் தேடிப் போவார்களா?

அதைச் சமைத்தவர்களுக்குத் தெரியும். நறுக்கும்போதே கை அரிக்கும். சரியாகப் பக்குவப்படாவிட்டால் தொண்டை காறும். கிழங்குக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்துவதால் வருவது அது. அதனால்தான் அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைக்கிறோம், புளியைத் தாராளமாகக் கரைத்து விடுகிறோம். எங்கள் வீட்டில் புதுக் கிழங்கை உடனே சமைக்க மாட்டார்கள். வாங்கி மூலையில் போட்டு, நாள்பட்ட பிறகுதான் எடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், மகன் வருகிறான் என்று தெரிந்த நாளிலேயே அந்த அம்மா கிழங்கை வாங்கிப் போட்டிருப்பாள். அவள் காத்திருந்த நாட்களெல்லாம் அந்தக் குழம்பில்தான் இருக்கின்றன. முதல் வாய் வைத்ததும் எங்கள் அம்மா 'நல்லா இருக்கா' என்று கேட்டதே இல்லை. 'காறுதா?' என்றுதான் கேட்பார்.

காறல் எப்பேர்ப்பட்ட சொல்! சுவை ஆறு என்று பள்ளியில் படித்தோம், அந்த ஆறிலும் இது கிடையாது. ஆனால் வீட்டில் நாம் பேசுவது இந்த மொழிதானே. உப்பு கரிக்கிறது, புளி தூக்கல், பல் கூசுகிறது, வாழைப்பூ துவர்க்கிறது, வறுத்த மிளகாய் நெடி தொண்டையில் கமறுகிறது, ரசம் சப்பென்று இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இவ்வளவு துல்லியமாகப் பேசுகிறவர்கள், எழுத உட்கார்ந்ததும் ஏன் 'சுவையோ சுவை' என்கிறோம்? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சங்க நூலான பொருநராற்றுப்படையில் சோழ மன்னன் கரிகாலன் தந்த விருந்தைப் பற்றிப் பேசும் பொருநன் என்ற கலைஞன், இறைச்சி எவ்வளவு ருசி என்று அளந்துகொண்டிருக்கவில்லை. இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத ஏர்முனை இரும்பான கொழுவைப் போலத் தன் பல் மழுங்கிப்போனது என்கிறான். ஏர் பிடித்தவர்கள் நடுவில் வாழ்ந்தவனுக்குத்தான் அந்த உவமை வரும். அந்தப் பல்லை நினைத்தாலே எனக்கு முழு விருந்தும் தெரிகிறது.

2021-இல் எனக்குக் கொரோனா வந்து வாசனை போனது. அப்போது ரசம் குடித்தேன். சூடு தெரிந்தது, புளிப்பும் உப்பும் தெரிந்தன, மிளகு தொண்டையைச் சுட்டது. ஆனால் அது ரசமாக இல்லை. சீரகமும் பெருங்காயமும் கொத்தமல்லித் தழையும் எங்கோ போயிருந்தன. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்குடையது என்று அன்று உடம்பே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில் பக்கத்து வீட்டில் தாளித்த கடுகும் பெருங்காயமும் ஜன்னல் வழியாக லேசாக வந்தன. அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அதற்குப் பிறகு சாப்பாட்டைப் பற்றி எது எழுதினாலும் முதலில் வாசனையைத்தான் தேடுகிறேன். அப்புறம் பல்லில் என்ன நடந்தது, தொண்டையில் என்ன நடந்தது, விழுங்கிய பிறகு நாக்கில் எது மிச்சம் நின்றது என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் தம்பியிடம் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். நேற்று அந்த இடத்தை மாற்றி எழுதி அனுப்பினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "காறுதாய்யா?" என்று கேட்கிறாள். மகன் "இல்லம்மா" என்கிறான். இன்னொரு கரண்டி குழம்பு விடச் சொல்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, மோர் இருக்கிறதா என்று கேட்கிறான்.