இன்சூரன்ஸ் வேலைக்கு ஒற்றை வரியில் கொட்டேஷன் எழுதாதீர்கள்

ஹீட்டிங், பிளம்பிங் வேலையில் இருக்கும் தம்பிமார்களுக்காக எழுதுகிறேன். வீட்டுக்காரர்களும் படிக்கலாம்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் தரைக்கு அடியில் ஓடும் ஹீட்டிங் பைப்பில், அதாவது வீட்டைச் சூடாக்க வெந்நீர் ஓடும் பைப்பில் லீக். டைல்ஸை உடைத்துக் கண்டுபிடித்து, சரிசெய்து கொடுத்தேன். இன்சூரன்ஸுக்குக் காட்ட வேண்டும் என்று அந்த அம்மா பேப்பர் கேட்டார். ‘பழைய பைப் லீக் சரிசெய்தது’ என்று ஒரு வரி, அதன் கீழே மொத்தத் தொகை. அவ்வளவுதான் எழுதினேன். தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது என்று கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. உண்மையில் பைப் அரித்துப் போகவில்லை, ஒரு ஜாயின்ட் திடீரென்று விட்டுவிட்டது. பிறகு விவரமாக எழுதிக் கொடுத்தேன். ஆனால் வெட்டி எடுத்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டேனே, எதைக் காட்டுவது? அந்த அம்மா கைக்காசு போட்டுத் தரையைச் சரிசெய்தார். ‘பழைய’ என்று நான் யோசிக்காமல் எழுதிய ஒரு சொல் இன்றும் உறுத்துகிறது.

சாதாரண வேலைக்கு கொட்டேஷன் என்றால் விலை தெரிந்தால் போதும். இன்சூரன்ஸ் வேலையில் அதைப் படிப்பவர் அந்த வீட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். திடீரென்று நடந்ததா, மாதக்கணக்கில் கசிந்ததா என்பதை நம் பேப்பரை வைத்துத்தான் முடிவு செய்வார். பல பாலிசிகளில் தண்ணீரால் வந்த சேதத்துக்குப் பணம் உண்டு, கெட்டுப்போன பைப்புக்குக் கிடையாது. லீக்கைத் தேடித் தரையைத் திறந்து மூடும் செலவுக்குத் தனி வரம்பு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டால் அவரால் பிரிக்க முடியாது. மொத்தமாக நிறுத்திவைப்பார், இல்லையென்றால் தன் கணக்கில் வெட்டுவார். தேடியது, பைப்பைச் சரிசெய்தது, தரையையும் சுவரையும் பழையபடி ஆக்குவது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

காரணம் எழுதும் இடத்தில்தான் நம் அனுபவம் தெரிய வேண்டும். உறைபனியில் வெடித்த பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பெரும்பாலும் பைப் வெடிப்பது ஐஸ் அடைத்த இடத்தில் அல்ல, அடைப்புக்கும் மூடியிருக்கும் டேப்புக்கும் நடுவே அழுத்தம் சிக்கிக்கொள்ளும் பகுதியில். ஐஸ் அடைத்திருக்கும் வரை பெரும்பாலும் தண்ணீர் பெரிதாக வெளியே வராது. குளிர் விட்ட பிறகுதான் ஒழுகியது என்று வீட்டுக்காரர் சொன்னால் அது பொய் இல்லை. அதை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

அந்த வெந்நீரைச் சூடாக்கும் பாய்லரில் பிரஷர் இறங்குகிறது என்றால் உடனே தரையை உடைக்கக் கூடாது. மூடிய சிஸ்டத்தில் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்கும், 3 பாரில் சேஃப்டி வால்வு திறக்கும். எக்ஸ்பான்ஷன் வெசல் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் டேங்க்) கெட்டிருந்தாலும் சூடேறும்போது அந்த வால்வு வழியாகத் தண்ணீர் போய்விடும், பைப்பில் லீக்கே இருக்காது. முதலில் பாய்லரைத் தனியாக அடைத்து, பைப் லைனில் மட்டும் பிரஷர் ஏற்றிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, எவ்வளவு இறங்கியது என்று குறித்து வையுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள். பிரஷர் இறங்கி வாராவாரம் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்ததாக வீட்டுக்காரரே சொன்னால், அது பழைய கசிவைக் காட்டினாலும் அதையும் நான் மறைப்பதில்லை.

‘இன்சூரன்ஸ்தானே கொடுக்குது, கொஞ்சம் சேர்த்துப் போடுங்க’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். பொய் என்று தெரிந்தால் நியாயமான பகுதிக்கும் சேர்த்துப் பணம் மறுக்கப்படலாம், கீழே இருப்பது என் கையெழுத்து. இதோடு பெரிய பாய்லராக மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்குத் தனி கொட்டேஷன்.

அப்புறம், இந்த ரிப்போர்ட்டை இலவசமாகச் செய்யாதீர்கள். சோதனை, போட்டோ, எழுத்து என்று அரை நாள் போய்விடும். அதற்கு என்ன கட்டணம் என்று வீட்டுக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். வேலைக்கு நம்மை அழைத்தது வீட்டுக்காரராக இருந்தால், இன்சூரன்ஸ் குறைத்துக் கொடுத்தாலும் பாக்கி அவர் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பின்னால் வரும் மனக்கசப்பு அதைவிடப் பெரியது.

இப்போதெல்லாம் என் வண்டியில் பிளாஸ்டிக் பைகள் எப்போதும் இருக்கும். வெட்டிய துண்டைப் பையில் போட்டு, தேதியும் எடுத்த இடமும் எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் பில் எழுத உட்காருகிறேன்.